எந்தத் தெரு?

1

எங்கள் பக்கத்தில் சாதியை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முதலில் 'எந்த ஊரு' என்பார். ஊரைச் சொன்னதும் 'ஊருக்குள்ள எந்தத் தெரு' என்பார். தெருவைச் சொல்லிவிட்டால் சாதி, உட்சாதி, கும்பிடுகிற கோயில், பார்க்கிற வேலை எல்லாம் அவருக்குத் தெரிந்துபோகும். தெருவைச் சொல்லாமல் மழுப்பினால் அப்பா பேரைக் கேட்பார். அந்தோணி, சூசை, சவரிமுத்து என்று வந்தால் 'அப்ப வேதக்காரவுகளா' என்பார். வேதத்திலும் எந்த வேதம், நாடார் வேதமா மற்றதா என்று தோண்டிப் பார்க்க அவரிடம் இன்னும் ரெண்டு கேள்வி இருக்கும்.

கறுத்த பாப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பக்கூடாது என்று ஆதிக்க சாதிகளிடம் ஒரு பழமொழி உண்டு. இதை வெறும் வசையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. இதற்குள்ளே ஒரு பயம் கிடக்கிறது. தோலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யாராகவும் இருக்கலாம் என்கிற பயம். அந்தப் பயத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் 'எந்தத் தெரு'.

கேட்கிறவர்களைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். பதில் சொல்லவேண்டியவன் நிலைமை என்ன? அவன் தெருவை மாற்றிச் சொல்லலாம். பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். பேரை மாற்றிக்கொள்ளலாம். வேறு ஆளாக நடமாடலாம். இந்த வேறு ஆளாக நடமாடுவதன் சரித்திரத்தைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இந்த வேஷத்தை நமக்குக் கட்டிவிட்டது யார் என்பதுதான் என் கேள்வி.

2

அமெரிக்காவில் நிறம்தான் கோடு. ஆனால் அந்தக் கோட்டையும் கண்ணால் மட்டும் பார்த்துவிட முடியவில்லை. அடிமைப் பெண்களை வெள்ளை எசமானர்கள் கெடுத்ததில் பிறந்த பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் என்று தலைமுறை போகப்போக வெள்ளைத் தோலோடு கறுப்பர்கள் பிறந்தார்கள். 1924இல் வர்ஜீனியா மாநிலம் சட்டமே போட்டது: ஒரு சொட்டு ரத்தம் கலந்திருந்தாலும் அவன் வெள்ளையன் கிடையாது. இப்படிப்பட்டவர்களில் சிலர் ஊர் மாறி, பேர் மாறி, வெள்ளையர்களோடு வெள்ளையர்களாகக் கலந்துபோனார்கள். அதற்கு அங்கே 'பாஸிங்' என்று பேர். கடந்துபோவது. நெல்லா லார்சன் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 1929இல் இதே தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். கடந்துபோனவர்களுக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது. பெத்த தாயைப் பார்க்கப் போகமுடியாது, அவ்வளவுதான்.

கடந்துபோக முடிந்தும் போகாதவர்களும் உண்டு. ஹோமர் பிளெஸ்ஸி பார்வைக்கு வெள்ளையர். எட்டில் ஒரு பங்கு கறுப்பு ரத்தம் என்று கணக்கு. 1892இல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். சும்மா இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தான் யார் என்பதை அவரே சொன்னார், கைதானார், வழக்கு நடந்தது. 1896இல் உச்ச நீதிமன்றம் பிரித்துவைப்பது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. வால்டர் ஒயிட் நீலக் கண்ணும் வெளுத்த முடியும் கொண்ட கறுப்பர். 1919இல் ஆர்கன்சாவில் கறுப்பர்களைக் கொன்று குவித்தபோது வெள்ளையனைப் போலவே போய் விசாரித்தார். விஷயம் வெளியே தெரிந்து அவர் தப்பி ரயிலேறியபோது, வெள்ளையன் வேஷத்தில் வந்திருக்கிற ஒரு கறுப்பனைப் பிடிக்க ஊரே காத்திருக்கு, வேடிக்கை பார்க்காமல் போகிறீர்களே என்று கண்டக்டர் அவரிடமே வருத்தப்பட்டானாம். ஒருவர் வேஷத்தை மறுத்துப் போராடினார், ஒருவர் வேஷத்தையே ஆயுதமாக்கினார். ரெண்டு பேருக்கும் கோட்டைப் போட்டவன் ஒருத்தன்தான்.

3

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வத்திராயிருப்பு பக்கம் புதுப்பட்டி. பறையர் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் 1950இல் பிறந்தார் ராஜ் கௌதமன். அவருடைய தங்கச்சி பாமா 1958இல் பிறந்தார். தலித் எழுத்துக்கு இந்த ஒரு வீடு கொடுத்தது கொஞ்சநஞ்சமில்லை. 1992இல் வந்த 'கருக்கு' நூலில் பாமா பஸ்ஸில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்த நாயக்கர் சாதிப் பெண் ஊரைக் கேட்பாள், தெருவைக் கேட்பாள். சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவாள், இல்லையென்றால் இவரை எழுந்து போகச் சொல்வாள். பாமா தெருவை மறைக்கவில்லை என்பது முக்கியம்.

அதே நூலில் அண்ணன் கதையும் வருகிறது. பக்கத்து ஊர் நூலகத்துக்குப் போய்வருகிற வழியில் ஒருவர் எந்தத் தெரு என்று கேட்கிறார். அண்ணன் பறத்தெரு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த தடவை நூலகப் பதிவேட்டில் பேரோடு எம்.ஏ. என்று போட்டதும் உட்கார ஸ்டூல் வருகிறது. அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. தெருவையும் மறைக்கவில்லை, பேரோடு படிப்பைச் சேர்த்து எழுதினார், அவ்வளவே. ஆனாலும் இதிலே ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டூல் அந்த மனுசனுக்கு வரவில்லை, எம்.ஏ.வுக்கு வந்தது. படித்த தலித்துகள் எல்லாருக்கும் இந்த ஸ்டூல் தெரியும். தெரு என்ற கேள்வி படிப்பால் அழிவதில்லை. அடுத்த பஸ்ஸில் மறுபடியும் காத்திருக்கும்.

பஸ் என்றதும் 1997ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளையனை எதிர்த்த வீரன் சுந்தரலிங்கம் பேரில் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்தை அரசு தொடங்கியது. அவர் தேவேந்திரர் சமூகம். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் நாங்கள் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரமெல்லாம் தீப்பிடித்தது. கடைசியில் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த எல்லாத் தலைவர்கள் பேரையும் அந்த வருசமே அரசு எடுத்துவிட்டது. ஒரு தலித் பேரைத் தகரத்தில்கூடத் தாங்கமுடியாதவர்கள் பக்கத்து சீட்டில் எப்படித் தாங்குவார்கள்?

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். கூட்டமாகப் பேர் மாற்றிக்கொள்வது வேறு, தனியாளாக வேறு ஆளாவது வேறு. சாணார் என்று இழிவாக அழைக்கப்பட்டவர்கள் கோயில் நுழைவுக்காகச் சண்டை போட்டார்கள். 1899இல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்தார்கள். கமுதி வழக்கை லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோய் 1908இல் தோற்றார்கள். 1921இல் அரசுப் பதிவில் நாடார் ஆனார்கள். 1922இல் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்ற பேர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத உத்தரவிட்டது. 2021இல் ஏழு உட்பிரிவுகளைச் சேர்த்துத் தேவேந்திரகுல வேளாளர் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. இவற்றின் அரசியலில் ஆயிரம் விவாதம் இருக்கட்டும். அவை வீதியில் நின்று, சத்தம்போட்டுச் செய்தவை. தனியாள் கடந்துபோவது இருட்டில் நடக்கிறது. அதற்குத் துணைக்கு ஆள் கிடையாது.

4

பஸ்ஸில் போடுகிற வேஷம் ஒரு மணி நேரம். தாலுகா ஆபீசில் போடுகிற வேஷம் ஆயுசுக்கும்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1936இல் வந்த அட்டவணைச் சாதிகள் உத்தரவு, இந்தியக் கிறித்தவர் யாரும் அட்டவணைச் சாதியாகக் கருதப்படமாட்டார் என்று சொல்லிவிட்டது. விடுதலை வந்தது, அரசியல் சட்டம் வந்தது. 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்திலிருந்து வேறுபட்ட மதத்தவர் அட்டவணைச் சாதியினர் ஆகமாட்டார் என்றது. அப்போது சென்னை மாகாண முதல்வர் எங்கள் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா. காந்தி கலை மன்றத்துக்குத் தன் வீட்டையே கொடுத்த மனுசர் என்று ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். உத்தரவு டெல்லியில் எழுதியது, அவர் எழுதியதில்லை. அந்த மூன்றாம் பத்தி அவர் ஊரைச் சுற்றியிருந்த சேரிகளில் இறங்கியபோது ஒரே தெருவில் பாதிப் பேர் பட்டியலுக்கு உள்ளே, பாதிப் பேர் வெளியே. சீக்கிய தலித்துகளை 1956இலும் பௌத்த தலித்துகளை 1990இலும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கிறித்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியிலேயே நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறித்தவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். எவன் வயலில் கூலிக்கு நிற்கிறோமோ அவன் பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்று போட்டி போடவேண்டும். சாதியைச் சொல்லி அடித்தால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இடமில்லை. தன்னைச் சாதி சொல்லி அடித்தார்கள் என்று புகார் கொடுத்த ஒரு பாதிரியார் வழக்கில், அவர் கையில் இந்து அட்டவணைச் சாதிச் சான்றிதழ் இருந்தும், ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல் செல்லாது என்றது. அடித்தவனுக்கு அவர் மதம் ஒரு பொருட்டாக இல்லை. நீதிமன்றத்துக்கு மட்டும் இருந்தது.

சூசை வழக்கு எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டியது. சென்னையில் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்த ஆதிதிராவிடர் அவர். அட்டவணைச் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு பங்க் கடை கொடுத்தது. சூசைக்கு இல்லை, கிறித்தவராம். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 1985இல் தள்ளுபடியானது. வெயிலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த மனுசனே ஆதாரமாக உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குத் தெரியவில்லை.

5

இதற்குப் பிறகு என்ன நடக்கும்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஏராளமான வீடுகளில் நடந்தது.

அண்ணனுக்கு ஞானஸ்நானப் பேர் ஒன்று, பள்ளிக்கூடப் பேர் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே அய்யா யோசித்து ஒரு தமிழ்ப் பேராகக் கொடுத்துவைத்தார். வேலைக்கு மனுப் போடுகிற வயசு வந்ததும் அண்ணன் ஆரிய சமாஜத்தில் சடங்கு செய்து இந்துவானதாகச் சான்று வாங்கினார். அரசிதழில் போட்டார். அப்புறம் விசாரணை. கிராம அலுவலரும் தலையாரியும் வீட்டுக்கு வருகிறார்கள் என்று முதல்நாளே சேதி வந்துவிட்டது. அம்மா சுவரிலிருந்த திருஇருதயப் படத்தையும் மாதா படத்தையும் இறக்கி, பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். ஆணி இருந்த இடத்தில் நகைக்கடை முருகன் காலண்டர் ஏறியது. 'மாதாவே, ஒரு நாளைக்குப் பொறுத்துக்கோ தாயி' என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், மோர் குடித்தார்கள், போனார்கள். அவர்களுக்கும் எல்லாம் தெரியும்.

அண்ணனுக்கு வேலை கிடைத்தது. குடும்பம் எழுந்தது. என்னைப் படிக்கவைத்ததும் அந்தச் சம்பளம்தான். நான் மாறவில்லை. ஒரே வயித்தில் பிறந்த ரெண்டு பேரில் அவர் அரசாங்கக் கணக்கில் இந்து ஆதிதிராவிடர், நான் பிற்படுத்தப்பட்ட கிறித்தவன். ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே தெருவில்தான் எங்களை நிறுத்தினார்கள்.

அம்மா இறந்தபோது அடக்கப் பூசைக்கு அண்ணன் கோயிலுக்குள்ளே வரவில்லை. 'தம்பி, நா உள்ள வரலப்பா. எவனாச்சும் போட்டோ எடுத்து மொட்டப் பெட்டிசன் போட்டுட்டான்னா புள்ளைக கெதி என்னாகும்?' என்றார். பூசை முடிகிறவரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அந்தக் கோயிலில்தான் அவர் புதுநன்மை வாங்கினார், பீடப் பையனாக மணி அடித்தார். அமெரிக்காவில் தாயை விட்டுப்போனவர்களைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வருகிறது. அங்கே கடந்துபோனவன் மேலே போனான். எங்கள் அண்ணன் எங்கே கடந்துபோனார்? ஆதிதிராவிடராகப் பிறந்தவர், ஆதிதிராவிடர் என்று சொல்லிக்கொள்வதற்காக வேஷம் போட்டார். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு வேஷம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. புதுப்பட்டிப் பையன் சிலுவை, கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். நாவலைப் பேசியவர்கள் அதன் நக்கலைப் பாராட்டினார்கள். எங்களுக்கு அது நக்கலோடு சேர்ந்த வீட்டுக் கணக்கு. 2024 நவம்பரில் ராஜ் கௌதமன் காலமானார். சிலுவை போட்ட கணக்கு இன்னும் தீரவில்லை.

6

நீதிமன்றங்கள் இந்த வேஷத்தை எப்படிப் பார்த்தன? தமிழர்கள் நிறைந்த கோலார் தங்கவயலில் 1967இல் ராஜகோபால் என்பவர் தனித்தொகுதியில் ஜெயித்தார். கிறித்தவராக இருந்தவர், இந்துவானதை ஒத்துக்கொண்டாலும் பழைய சாதி திரும்ப வந்ததாக நிரூபணமில்லை என்று 1968இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1972இல் மறுபடியும் ஜெயித்தார். இந்தத் தடவை, சாதிக்காரர்கள் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஆகவே ஆதிதிராவிடர்தான் என்று 1975இல் அதே நீதிமன்றம் சொன்னது. 1976இல் குண்டூர் மருத்துவக் கல்லூரி வழக்கில், மதம் மாறிய பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையும் இந்துவாகி, சாதியார் ஏற்றுக்கொண்டால் சாதிக்குள் வரலாம் என்றது. 2015இல் கே.பி.மனு வழக்கில் மூன்று நிபந்தனைகளை வரிசைப்படுத்தியது: முன்னோர் சாதிக்கு ஆதாரம், மதம் திரும்பியதற்கு ஆதாரம், சாதியார் ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம்.

மூன்றாவதைக் கவனியுங்கள். சாதியார் ஏற்றுக்கொண்டார்களா? எங்கள் தெருவில் அந்தோணியும் கருப்பசாமியும் மாமன் மச்சான். பொண்ணு கொடுத்து பொண்ணு எடுக்கிறோம். விலக்கினது யார், ஏற்றுக்கொள்ள? இந்துவானால் சாதி திரும்ப வரும் என்றால், கிறித்தவனாக இருந்தபோது அது எங்கே போயிருந்தது? போகவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் சட்டத்தின் வியாக்கியானம். உறங்குகிற சாதிதான் கல்லறைக்கு நடுவில் சுவர் கட்டியதா?

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண் டாக்டர். கிறித்தவரைக் கட்டியவர். கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதை அதிகாரிகள் பார்த்து, அவருடைய சாதிச் சான்றிதழை ரத்து செய்திருந்தார்கள். சிலுவை தொங்குவதை வைத்து மதம் மாறியதாக முடிவுகட்டக்கூடாது என்று நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் 2024 நவம்பர் 26இல் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், ஞானஸ்நானம் வாங்கி, கோயிலுக்குப் போய்க்கொண்டே வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் அம்மா பெட்டிக்குள் வைத்த படத்துக்கு இப்போது சட்டத்தில் மோசடி என்று பேர்.

7

அப்படியென்றால் கிறித்தவத்தை விட்டுவிட வேண்டியதுதானே, அங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கிற தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வடக்கன்குளத்தில் 1872இல் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்துச் சுவர் வைத்துக் கோயில் கட்டினார்கள், 1910 வாக்கில்தான் அந்தச் சுவர் போனது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர். எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்கள் 2008இல் வன்னியக் கிறித்தவர்களிடம் அடி வாங்கினார்கள், அன்றைய துப்பாக்கிச்சூட்டில் உயிரும் போனது. பாமா ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியாஸ்திரி மடத்துக்குள் போய், உள்ளே இருந்த சாதியைப் பார்த்துவிட்டு, 1992இல் வெளியே வந்தார்.

இத்தனையும் தெரிந்துதான் எங்கள் சனம் அந்தக் கோயிலில் நிற்கிறது. பாட்டி படிக்காதவள். அவள் பேரை மரியாதையாக எழுதிவைத்திருந்த ஒரே புத்தகம் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. ஊர்க் கோயில் தேரை எட்ட நின்று கும்பிட்டவளுக்கு, எங்கள் தெருவுக்குள்ளேயே சப்பரம் வந்தது. சேர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கத்தை மோசடி என்று எழுதிவிட முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் கதையே இந்த ஏக்கத்தின் கதைதான். துளசித் தோட்டத்தில் கிடைத்த பிள்ளை கோதை. பெத்தவர் யாரென்று தெரியாது. பூக்கட்டுகிற பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். அவள் சூடிக் கழித்த மாலையைச் சாமி கேட்டு வாங்கியது. கதையில் யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஆனால் 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றிப் பேசிய கவிஞர் வைரமுத்து, அவள் பிறப்பையும் வாழ்வையும் குறித்த ஓர் ஆய்வு வரியை மேற்கோள் காட்டியதற்கு மாநிலமே அதிர்ந்தது, வழக்குகள் பாய்ந்தன. பிறப்பைப் பற்றிய பேச்சு இங்கே எவ்வளவு எரியக்கூடியது என்று அப்போது எல்லாருக்கும் புரிந்திருக்கும். சேரியில் பிறந்தவனுக்கு அது தினசரிப் பேச்சு.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லிவிட்டது. அந்தப் பத்தியை எதிர்த்து 2004இல் வழக்குப் போட்டாகிவிட்டது. 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையங்கள் வந்து எங்களைப் பார்ப்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் சுவரைப் பார்க்கவேண்டாம், தெருவைப் பாருங்கள். எந்தத் தண்ணி, எந்தச் சுடுகாடு, எந்தக் கூலி, பொண்ணு எடுத்தால் எந்த வெட்டு என்று பாருங்கள். பஸ்ஸில் கேட்கிறவன் சரியாகத்தான் கேட்கிறான், எங்கள் சாதி தெருவில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தது அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. 1950இல் எழுதிய அந்த ஒரு பத்தியை அடித்துவிட்டால், அடுத்த தலைமுறையில் எந்தத் தாயும் சாமி படத்தைச் சேலையில் சுற்ற வேண்டியிருக்காது.